எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று காலை உங்களில் பலர் கைப்பேசியில் தமிழில் ஏதாவது தட்டியிருப்பீர்கள். 'கிளம்பிட்டியா', 'பால் வாங்கிட்டு வா', 'பேத்திக்குக் காய்ச்சல் விட்டுதா'. மதுரையில் தட்டியது டொராண்டோவில் இருக்கும் தங்கையின் கைப்பேசியில் அதே தமிழாகப் போய் நின்றிருக்கும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 25 ஆண்டுகளுக்கு முன்னால் அப்படிப் போய் நிற்காது. அது நிற்க வேண்டும் என்பதற்காகக் கணினி தெரிந்த தமிழர்கள் மின்னஞ்சலிலும் இணையத்திலும் ஆண்டுக்கணக்கில் வாதம் செய்தார்கள். சண்டை போட்டார்கள் என்றே சொல்லலாம். நானும் அதில் ஓர் ஓரத்தில் நின்றவன். அந்தச் சண்டை வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2001இல் திருச்சியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர், மாணவர்களின் ஆய்வேடு. ஒருநாள் மாலை ஈழத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். மனைவி இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 31ஆம் நாள் கொடுப்பதற்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் அதைக் கல்வெட்டு என்பார்கள். கனடாவில் இருக்கும் மகன் அம்மாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தான். பெரியவர் நெட் சென்டரில் அதை அச்செடுத்து, பிளாப்பியிலும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, மகன் தமிழிலதான் எழுதினவன். இது என்னத்தில கிடக்குது எண்டு ஒருக்காப் பாருங்கோ."

வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கமும் ஆங்கில எழுத்து. ஆனால் ஆங்கிலம் இல்லை. நடுநடுவே அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். ஒரு சொல்கூட வாயில் வராது.

"இங்கிலீசோ?" என்றார்.

"இங்கிலீஷும் இல்லை ஐயா."

அவரை உட்காரவைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. ஒரே கோர்வை திரும்பத் திரும்ப வருகிறது. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். முதல் பக்கத்திலேயே ஏழெட்டு இடத்தில். நீங்கள் கையில் பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஐந்து குறி. இரண்டாவதும் நான்காவதும் ஒன்று. அம்மாவைப் பற்றி மகன் எழுதிய கடிதத்தில் எந்தச் சொல் அதிகம் வரும்? எம் என்பது அ. கே என்பது ம. அரைப்புள்ளி என்பது மேலே வைக்கிற புள்ளி. மறுபடி கே, அதாவது ம. ஹெச் என்பது கால். அ, ம், மா. அம்மா.

அதைச் சொன்னதும் பெரியவர் தாளை வாங்கி, எழுத்து தெரியாத பிள்ளையைப் போல அந்த ஐந்து குறியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

அன்று இரவு, நான் உறுப்பினராக இருந்த ஒரு மின்னஞ்சல் குழுவில் இதை எழுதிக் கேட்டேன். விடிவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. முதல் பதிலிலேயே தீர்வு இருந்தது. 'இது பாமினி எழுத்துரு, நிறுவிக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் கோப்பை இணைத்து அனுப்பியிருந்தார். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அப்போது மிகப் பரவலாக இருந்த எழுத்துரு அது. நிறுவினேன், நான்கு பக்கமும் தமிழாயின. மீதிப் பதில்கள் எல்லாம் வாதம். பாமினியை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருவர். ஊரெல்லாம் பயன்படுத்துவதை விட்டுவிட்டு உங்கள் புதிய தரத்துக்கு நாங்கள் ஏன் வர வேண்டும் என்று இன்னொருவர். ஒரு வாரம் ஓடியது. அந்த ஒரு வாரச் சண்டைக்கு நடுவில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்து, பாமினியில் இருப்பதை வேறொரு முறைக்கு மாற்றித் தரும் சிறிய நிரல் எழுதி எல்லோருக்கும் அனுப்பினான். நான் மறக்காமல் இருப்பது அவனைத்தான்.

சரி, சண்டை எதைப் பற்றி? இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் ரோல் நம்பர் கொடுப்பதுபோல ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். ஒரு வகுப்பில் ஓர் ஆசிரியர் 13ஆம் எண்ணைக் கண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார். இன்னொரு ஆசிரியர் தன் பதிவேட்டில் அதே 13ஐ மீனாட்சிக்குக் கொடுத்திருக்கிறார். முதல் ஆசிரியரின் மதிப்பெண் பட்டியலை இரண்டாம் ஆசிரியர் படித்தால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. பாமினி ஒரு பதிவேடு. ஆங்கில எம்முக்கு உரிய எண்ணில் அது அகரத்தை உட்காரவைத்தது. அரசு அலுவலகங்களில் இருந்த எழுத்துரு இன்னொரு பதிவேடு. மலேசியாவிலிருந்து வந்த முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மயிலை என்று ஆளுக்கொரு பதிவேடு. இந்த எண் கொடுக்கும் முறைக்குத்தான் குறியேற்றம் என்று பெயர்.

எழுத்து திரையில் எப்படித் தெரிகிறது, தடிப்பா மெலிவா, அது எழுத்துரு. பிள்ளை போட்டிருக்கிற சட்டை மாதிரி. சட்டையை மாற்றினால் ரோல் நம்பர் மாறாது. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வருகிறது என்பது விசைப்பலகை. பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது மாதிரி. வீட்டில் கண்ணா, பள்ளியில் கண்ணன். அதற்கும் ரோல் நம்பருக்கும் தொடர்பில்லை.

எண், சட்டை, கூப்பிடும் விதம். மூன்றும் வேறு. அன்றைய சண்டைகளில் பாதி, இந்த மூன்றையும் 'ஃபாண்ட்' என்ற ஒரே பெயரில் அழைத்ததால் வந்தது. ஒருவர் எண்ணைப் பற்றிப் பேசுவார். மற்றவர் தன் சட்டையைக் குறை சொல்கிறார் என்று கோபப்படுவார். மூன்றாமவர் 'நான் 20 ஆண்டு தட்டச்சு அடித்தவன், என் விரல் பழக்கத்தை மாற்றச் சொல்ல நீ யார்' என்று வருவார். மூவரும் சொல்வது நியாயம்தான், ஆனால் மூவரும் பேசுவது மூன்று விஷயம். இன்றைக்கும் யாராவது இதைப் பற்றி என்னிடம் வாதத்துக்கு வந்தால் முதலில் கேட்பேன்: ஐயா, எண்ணா, சட்டையா, கூப்பிடும் விதமா? பதில் வந்த பிறகுதான் மேலே பேசுவேன்.

எழுத்தில் நடக்கும் சண்டையில் குரல் இல்லை. 1982இல் அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி ஆய்வாளர், வேடிக்கையாகச் சொன்னதைச் சிலர் நிஜம் என்று எடுத்துக்கொள்வதைப் பார்த்து, முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகம் போடலாம் என்று எழுதினார். நம் ஆட்கள் அதையும் போட்டார்கள். ஆனால் தமிழில் அதைவிட நுட்பமான வெப்பமானி ஒன்று இருக்கிறது. கடிதம் 'அன்புள்ள' என்று தொடங்கி 'நீங்கள்' என்று போகும்வரை பயமில்லை. 'நீங்கள்' என்பது 'தாங்கள்' ஆனால் ஏதோ புகைகிறது. 'தாங்கள்' திடீரென்று 'நீர்' ஆகிவிட்டால் அன்று இரவு யாரும் தூங்கப்போவதில்லை. 'நீர்' என்று எழுதியவர் மறுநாள் 'நீங்கள்' என்று திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மனம் வேண்டும்.

அதே ஆட்கள் இளையராஜாவா ரஹ்மானா என்றும் வாதம் செய்வார்கள். இடைச்செருகலாக இதைச் சொல்கிறேன். தாளக்கட்டு, வயலின் கூட்டம், பாடகர் தேர்வு என்று இரவெல்லாம் போகும். அந்த வாதம் முடியவே வேண்டாம். ஒருவர் ராஜாவையும் மற்றவர் ரஹ்மானையும் கேட்டுக்கொண்டே நிம்மதியாக வாழலாம். வாதம் செய்தபிறகு அந்தப் பாட்டை இன்னும் காது கொடுத்துக் கேட்கிறோம், அதுவே லாபம். ரோல் நம்பர் அப்படியில்லை. அது ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெரியவருக்கு மகனுடைய கடிதம் கிடைக்காது.

முடிவுக்கு வர மெனக்கெட்டவர்கள் பலரும் இதைத் தொழிலாகச் செய்தவர்கள் அல்லர். மயிலை எழுத்துருவை உருவாக்கிய முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அவரும் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களும் இலக்கியங்களைத் தட்டி ஏற்றினார்கள். முரசு அஞ்சலைச் செய்த முத்து நெடுமாறன் மலேசியாக்காரர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடு கூடியது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. மின்னஞ்சல் குழுவிலேயே பேசிப் பேசி உருவான திஸ்கி என்ற குறியேற்றம் தனியாக வளர்ந்தது. 2000இல் இதற்கென்றே உத்தமம் என்ற அமைப்பு பிறந்தது.

தமிழ்99 விசைப்பலகையைப் பற்றி ஒரு வார்த்தை, இது எனக்குப் பிரியமான விஷயம். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் அம்மா வந்துவிடும். ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆங்கில ஒலிப்பில் தட்டினால் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து. தமிழ்ச் சொல் எப்படிப் புணர்கிறது என்று தெரிந்தவர்கள் செய்த விசைப்பலகை அது. இருந்தாலும் ஆங்கில விசையில் அடிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அது கூப்பிடும் விதம்தானே. எண் ஒன்றாக இருந்தால் போதும்.

அந்த ஒரே எண்தான் ஒருங்குறி, யூனிகோடு. அதில் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2000இல் விண்டோஸோடு லதா எழுத்துரு வந்தபின் மெல்லப் பரவியது. அதிலும் வாதம். நமக்கு எழுத்து 247. ஒருங்குறி தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். அதில் உயிர், அகரம் ஏறிய மெய், புள்ளி, கொம்பு, கால் என்று உறுப்புகளுக்கு மட்டும் எண் கொடுத்தார்கள். 'கி' என்றால் ககரம் ஒன்று, கொக்கி ஒன்று, ஆக இரண்டு எண். ஓர் எழுத்தை ஏன் உடைக்க வேண்டும், 'கி' தமிழனுக்கு ஒன்றுதானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. குறுஞ்செய்தி அனுப்பும்போது இந்த வலி தெரிந்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த 70இலும் 'கி'க்கு இரண்டு போய்விடும். ஆனால் ஒருங்குறியில் ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற மாட்டார்கள், இடம் மாற்றவும் மாட்டார்கள். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் பழைய கோப்பு எதையும் நம்ப முடியாது. நான் அந்தப் பக்கம்தான் நின்றேன், இன்றும் நிற்கிறேன்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ரீ' என்பதை முதலில் 'ஸ' எழுத்தை வைத்துக் கோத்தார்கள். 2005இல் அதற்குரிய இன்னொரு கிரந்த எழுத்து ஒருங்குறியில் சேர்ந்தது. இப்போது இரண்டு வழியிலும் வருகிறது, பல திரைகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது. சட்டை ஒன்று, எண் வேறு. ஒரு விதமாகத் தட்டிய பெயரை மறுவிதமாகத் தேடினால் சில இடங்களில் கிடைக்காது. திருவரங்கம் என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை என்று நண்பர் ஒருவர் வாதிடுவார், அதிலும் உண்மை இருக்கிறது. ஔவையார் கதை இன்னொன்று. 'ஔ' ஓர் எழுத்து. பலர் 'ஒ' தட்டிப் பக்கத்தில் 'ள' தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஔவை, கணினிக்கு ஒ-ள-வை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. 2010இன் பெரிய வாதங்களை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியோடு, எழுத்துக்கு ஓர் எண் தரும் டேஸ்16 முறையையும் அரசு தரமாக ஏற்றது. அதே ஆண்டு, வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துமுறையைத் தனியாக ஒருங்குறியில் சேர்க்கும் முன்மொழிவு வந்தபோது, வடமொழியில் இல்லாத தமிழ் எழுத்துகளான எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்தையும் அதில் போடக் கூடாது என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2014இல் அந்த ஐந்தும் இல்லாமலே கிரந்தம் சேர்ந்தது. அங்கேயும் வாதம் வேலை செய்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டுப் பரணில் பழைய பிளாப்பி, குறுந்தட்டு இருந்தால், படிக்க முடிகிற காலத்திலேயே எடுத்துப் பாருங்கள். அப்பா எழுதிய கட்டுரையோ அக்கா அனுப்பிய கடிதமோ இருக்கும். திறந்தவுடன் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரிந்தால் கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடாதீர்கள். பாமினியிலிருந்தும் திஸ்கியிலிருந்தும் ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வணக்கம்.