கிண்ணம் சுருதி, டிரம் பாட்டு: ரெண்டையும் சேர்த்து வாசிக்கிறது எப்படி?

[காட்சி: கறுப்புத் திரை. கிண்ணத்தில் ஒரே ஒரு தட்டு. ஒலி பாதி அடங்கியதும் குரல்.]

இந்தச் சத்தத்தை முதல் தடவை எங்க வீட்டு மச்சுல தட்டினப்ப, கீழ அடுப்படியில இருந்து ஆச்சி குரல் வந்துச்சு. "ஏட்டி, யாரு வீட்டுலட்டி எழவு? சேகண்டி அடிக்காவ?"

சிரிக்காதீங்க. ஆச்சி காதுல தப்பில்ல. சேகண்டியும் வெண்கலம், இந்தக் கிண்ணமும் வெண்கலம். சங்கும் சேகண்டியும் தெருவுல வந்தா யாரோ போய்ட்டாங்கன்னு கேட்டே வளந்த காதுக்கு, இது 'தியான ஒலி'ன்னு அட்டைப்பெட்டியில எழுதியிருந்தா மட்டும் போதாது. உங்க வீட்லயும் பெரியவங்க இருந்தா, தட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

[காட்சி: மாடி. பத்தமடைப் பாய். பாயின் மேல் ஒரு வெண்கலக் கிண்ணம், ஒரு நீல நிற டங் டிரம்.]

வணக்கம். பாளையங்கோட்டையில இருந்து பேசுறேன். இது சிங்கிங் பவுல், நான் கிண்ணம்னே சொல்றேன். இது டங் டிரம், மேல நாக்கு நாக்கா வெட்டின உலோக டிரம். ரெண்டையும் தனித்தனியா வாசிக்கிறதுக்கு எத்தனையோ வீடியோ இருக்கு. சேத்து வாசிச்சா எங்க இடிக்கும், அதை எப்படிச் சரி பண்றதுன்னு சொல்றவங்க குறைவு. எனக்கு அது இடிச்சுத்தான் தெரிஞ்சுது.

[காட்சி: கிண்ணம், மிக அருகில். விளிம்பில் சுத்தியல் தழும்புகள்.]

கிண்ணத்தைப் பத்தி விக்கிறவங்க சொல்ற முதல் கதை, ஏழு உலோகம், ஏழு கிரகம். சோதனை பண்ணிப் பாத்த கிண்ணங்கள் பெரும்பாலும் சாதாரண மணி வெண்கலம்தான்: நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு ஈயம், வெள்ளீயத்தைச் சொல்றேன். ஆத்துப் பேர்லயே தாமிரத்தை வச்சிருக்கிற ஊர்க்காரங்களுக்கு அது ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆச்சியோட பழைய வெண்கல உருளியை விரல் முட்டியால தட்டிப் பாருங்க. கிண்ணத்துக்கு அது ஒண்ணுவிட்ட அக்கா.

[காட்சி: டங் டிரம். நாக்குகளின் மேல் கேமரா நகர்கிறது.]

டிரம் கதை இன்னும் சுவாரஸ்யம், ஏன்னா அதுல நம்ம கடம் வருது. சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல பான்ஆர்ட்னு ஒரு பட்டறை, ஸ்டீல் பான்ங்கிற உலோக வாத்தியம் செய்றவங்க. ரெட்டோ வெபர்னு ஒரு தாள வாத்தியக்காரர் கடம் வாசிக்கிறவர். கடம் மாதிரி கையால தட்டணும், ஆனா அதுல சுரமும் வரணும்னு அவங்ககிட்ட கேட்டார். அதுல பொறந்ததுதான் 2000-ல வந்த 'ஹாங்'. அது எல்லாருக்கும் கிடைக்கல, விலையும் எட்டல. 2007-ல அமெரிக்காவுல டென்னிஸ் ஹாவ்லீனாங்கிறவர் ஒரு கேஸ் சிலிண்டரோட அடிப்பக்கத்துல நாக்கு நாக்கா வெட்டி ஒண்ணு செஞ்சார். இன்னைக்கு நம்ம மடியில இருக்கிற டங் டிரம் அந்த வழியில வந்தது. இதைக் கேட்டுட்டு யாரும் வீட்டு சிலிண்டர்ல ரம்பத்தை வச்சுடாதீங்க.

நாக்கு நீளமா இருந்தா கீழ் சுரம், குட்டையா இருந்தா மேல் சுரம். அவ்வளவுதான் அதோட கணக்கு.

[காட்சி: இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டுகிறார். காதை உறுத்தும் நடுக்கம்.]

கேட்டீங்களா? பல்லு கூசுற மாதிரி. நான் ரெண்டையும் வேற வேற இடத்துல ஆன்லைன்ல வாங்கினேன். கிண்ணத்து விவரத்துல 'ஏ சுரம்'னு போட்டிருந்துச்சு, மேற்கத்திய சங்கீதத்துல ஒரு சுரத்தோட பேர். டிரம்லயும் ஏ நாக்கு இருக்கு. சரியா சேரும்னு நம்பி உக்காந்து தட்டினா இப்படி. ஒரு வாரம் பெட்டிக்குள்ளயே போட்டு வச்சிருந்தேன்.

அப்புறம் போன்ல ஒரு டியூனர் ஆப் போட்டுப் பாத்தேன். டிரம்ல ஏ நாக்கு 220 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 220 அதிர்வு, சுத்தமா நிக்குது. கிண்ணம் 226. கையால அடிச்ச கிண்ணம் எந்த ஹார்மோனியத்தையும் கேட்டுட்டுப் பொறக்கறதில்ல. பக்கத்துல எந்தச் சுரம் இருக்கோ அந்தப் பேரை எழுதி வித்துடுறாங்க. ஆறு ஹெர்ட்ஸ் வித்தியாசம்னா, ரெண்டையும் சேத்துத் தட்டும்போது சத்தம் ஒரு செகண்டுக்கு ஆறு தடவை ஏறி இறங்கும். பிளஸ் ஒன் இயற்பியல்ல இதுக்குப் பேரு விம்மல். பரீட்சைக்குப் படிச்சப்ப சும்மா சூத்திரம். காதால கேட்டப்பதான் யாரோ பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது. செகண்டுக்கு ஒண்ணு ரெண்டுன்னா மூச்சு மாதிரி இதமா இருக்கும். ஆறுன்னா பதட்டம்.

[காட்சி: ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன்.]

தீர்வு நம்ம ஊர் ஜலதரங்கத்துல இருக்கு. கிண்ணத்துல தண்ணி ஊத்தினா சுரம் இறங்கும். ஸ்பூன் ஸ்பூனா ஊத்துங்க, ஒவ்வொரு தடவையும் தட்டிப் பாருங்க... 225... 224... இப்ப 222. இப்ப டிரம்மோட சேத்துக் கேளுங்க.

[இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. மெதுவான ஏற்ற இறக்கம்.]

செகண்டுக்கு ரெண்டு விம்மல். நான் இங்கயே நிறுத்திடுவேன். முழுசா 220-க்கு இறக்கினா சுத்தமா சேரும், ஆனா அந்த ஊஞ்சல் போயிடும். தண்ணி கூடக் கூட ஒலி நிக்கிற நேரமும் குறையும். முடிஞ்சதும் துணியால துடைச்சு வைங்க, இல்லன்னா உள்ளே தண்ணிக்கறை வட்டம் விழும்.

கிண்ணம் டிரம்மை விடக் கீழே இருந்தா தண்ணி உதவாது. அப்ப டிரம்மை இறக்கணும். இரும்பு டிரம்னா நாக்கோட நுனிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு குட்டிக் காந்தத்தை ஒட்டுங்க. எடை கூடும், சுரம் இறங்கும். ரெண்டு வழியும் இறக்கத்தான் செய்யும், ஏத்தாது. அதனால எது உசரமா இருக்கோ அதைத்தான் தொடணும்.

[காட்சி: கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.]

இந்தப் பொட்டு அலங்காரத்துக்கு இல்ல. தனியா தட்டினாலே 'வாவ் வாவ்'னு ஆடுற கிண்ணங்கள் உண்டு. கையால செஞ்ச கிண்ணம் முழு வட்டமா இருக்காது, அதனால கிட்டக்கிட்ட ரெண்டு சுரம் அதுக்குள்ளயே இருக்கும். கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, வேற வேற இடத்துல தட்டிக்கிட்டே வாங்க. ஒரு இடத்துல அந்த ஆட்டம் அடங்கி ஒரே சுரமா வரும். டிரம்மோட சேக்கும்போது அங்கதான் தட்டணும். எனக்கு அந்த இடம் மறந்து மறந்து போச்சு. ஒரு பொட்டு எடுத்து ஒட்டிட்டேன்.

இனி கொஞ்சம் சங்கீதம். பாட்டு கத்துக்காதவங்களும் பொறுமையா கேளுங்க, இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் வீடியோ போட நினைச்சதே.

என் டிரம்ல அஞ்சு சுரம்தான்: சி, டி, இ, ஜி, ஏ. சி-யை 'ச'ன்னு வச்சா அது மோகனம். எதைத் தட்டினாலும் இனிமையா இருக்கும், அதனாலதான் இப்படிச் செய்றாங்க. ஆனா கிண்ணத்துல ஒரு சுரம் மட்டும் கேக்காது. அதுக்கு மேல இன்னொண்ணு மெலிசா கூவும். வீணைத் தந்தியில மேல வர்றது சரியா ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு ஒழுங்கா இருக்கும். கிண்ணத்துல ரெண்டாவது ஒலி கிட்டத்தட்ட 2.7, 2.8 மடங்கு. அதாவது மேல் ஸ்தாயி மத்யமத்தை ஒட்டி எங்கயோ. மோகனத்துல மத்யமமே கிடையாது! கிண்ணத்தை 'ச'வா வச்சு மோகனம் வாசிச்சா, அழைக்காத விருந்தாளி மாதிரி ஒரு 'ம' காத்துல நின்னுக்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டுக் காந்தாரத்தோட அது சண்டை போடும்.

என் கிண்ணம் ஏ-ங்கிறது அதிர்ஷ்டம். அதே அஞ்சு நாக்கு, ஆனா ஏ-யை 'ச'ன்னு எடுத்துக்கிட்டா கிரக பேதம் ஆகி, அதாவது 'ச' மாறினதால ராகமும் மாறி, சுத்த தன்யாசி வந்துடும். அதுல மத்யமத்துக்கு இடம் இருக்கு.

[டிரம்மில் மெதுவாக ஐந்து சுரங்கள், அடியில் கிண்ணத்தின் ஒலி.]

உங்க கிண்ணம் அப்படி அமையலன்னா கவலைப்படாதீங்க. கம்பளி சுத்தின கோலால தட்டினா அந்த மேல் ஒலி பாதிக்கு மேல அமுங்கிடும். மரக்கோலால தட்டினா கத்தும்.

[காட்சி: கிண்ணத்தின் கீழே சுருட்டி வைத்த துண்டு.]

கிண்ணம் உக்கார ஒரு சும்மாடு போதும். கடையில விக்கிற பட்டு மெத்தை பெருசா இருந்தா கிண்ணத்தோட பக்கத்தைத் தொட்டுச் சத்தத்தைத் தின்னுடும். அடி மட்டும் துண்டுல படணும். டிரம் மடியில. விரல் நுனியால, நாக்கோட வெட்டின முனைப் பக்கம், சுட்ட தோசைக்கல்லைத் தொட்டுட்டு எடுக்கிற மாதிரி தட்டி எடுக்கணும்.

என் கிண்ணத்து ஒலி ஒரு தட்டுக்கு முக்கால் நிமிஷம் நிக்குது. டிரம் எட்டு செகண்டு. புதுசா வாசிக்கிறவங்க இந்தக் கணக்கை மறந்துட்டு, டிரம்மை தடதடன்னு தட்டி, நடுவுல கிண்ணத்தையும் விடாம அடிப்பாங்க. வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரி இருக்கும். கிண்ணம் தம்புரா. தம்புரா நிக்கிற நேரத்துல பாட்டு வரணும், போகணும். கிண்ணத்தைத் தட்டுங்க, ரெண்டு மூச்சு சும்மா இருங்க. பிறகு டிரம்ல ஒரு சுரம். அது அடங்கட்டும். இன்னொண்ணு. கிண்ணம் மெலிஞ்சு, கேக்குதா இல்லையான்னு சந்தேகம் வர்றப்ப அடுத்த தட்டு. இருபது நிமிஷத்துல கிண்ணத்தை முப்பது தடவை தட்டினா தாராளம்.

வெண்கலமும் தாளமும் சேர்றது நமக்குப் புதுசில்ல. கோயில் கொடையில வில்லுப்பாட்டு பாத்திருப்பீங்க. வில்லுல கட்டின மணி ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம். ஆனா அங்க வேலை நேர் எதிர்: ராத்திரி முழுக்க ஊரைத் தூங்க விடக்கூடாது, சாமியை இறக்கணும். அதே கூட்டணி இங்க ஆளைத் தூங்க வைக்குது. வேகம் ஒண்ணுதான் வித்தியாசம்னு நான் நினைக்கிறேன்.

[காட்சி: நேராகக் கேமராவைப் பார்த்து.]

'ஹீலிங்'னு சொல்றாங்களே, நோய் தீருமான்னு என்கிட்ட கேக்குறவங்க உண்டு. 2017-ல வெளிவந்த ஒரு ஆய்வுல 62 பேரை கிண்ண ஒலிக்கு முன்னாடியும் பின்னாடியும் விசாரிச்சாங்க. பதட்டம், கோபம், களைப்பு குறைஞ்சதா சொன்னாங்க. ஆனா ஒப்பிட்டுப் பாக்க, சும்மா படுத்திருந்த இன்னொரு கூட்டம் அதுல இல்ல. ஒரு மணி நேரம் போனைத் தொடாம படுத்தாலே பாதிப் பதட்டம் போகும்தானே! அதனால நான் சொல்றது: மனசு இளகும், தூக்கம் வரும். பிரஷர் மாத்திரையை நிறுத்த இது காரணம் இல்ல. பேஸ்மேக்கர் வச்சவங்க, வலிப்பு உள்ளவங்க, கர்ப்பிணிகள் உடம்பு மேல கிண்ணத்தை வைக்க விடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு தள்ளி உக்காந்து கேளுங்க. காதுல ஏற்கெனவே இரைச்சல் இருக்கிறவங்களுக்கு இந்த நீள ஒலி எரிச்சலாக்கூட இருக்கலாம்.

432 ஹெர்ட்ஸ்தான் பிரபஞ்சத்தோட சுரம்னு ஒரு பேச்சு. செகண்டுங்கிறதே மனுஷன் வச்ச அளவு. அந்த எண்ணுல பிரபஞ்சம் எங்க வந்துச்சு? ஆனா ஒண்ணு: 432 கணக்குல செஞ்ச டிரம்மையும் 440 கணக்குல செஞ்ச கிண்ணத்தையும் சேத்து வாங்கிடாதீங்க. என் 220-க்கு ஒரு ஸ்தாயி மேல இருக்கிற அந்த ஏ சுரத்துல செகண்டுக்கு எட்டு விம்மல். என் ஆறையே தாங்க முடியல.

[காட்சி: மாலை. மாடி. பாயில் ஆச்சி கண் மூடிப் படுத்திருக்கிறார். மின்விசிறி நின்றிருக்கிறது.]

ஆச்சி இப்ப வாரத்துல ரெண்டு நாள் மாடி ஏறி வர்றாங்க. "சேகண்டிய வாசிட்டி"ன்னுதான் இன்னும் சொல்றாங்க, நான் திருத்துறதில்ல. டிரம் முதல்ல நிக்கணும். கடைசித் தட்டு கிண்ணத்துக்கு. அது முழுசா அடங்குற வரை ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க, எவ்வளவு வேர்த்தாலும்.

[கிண்ணத்தில் ஒரு தட்டு. ஒலி அடங்கும் வரை அதே காட்சி. தெருவில் ஒரு சைக்கிள் மணி. ஃபேன் சுவிட்ச்.]