புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? கடல் மீன்களுக்கான தனிமைத் தொட்டி

(திரையில்: பவுடர் ப்ளூ டாங் மீன் ஒன்று, மிக அருகில்)

வணக்கம். இந்த டாங் மீனின் துடுப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தூள் உப்பைத் தூவியது போல நான்கைந்து வெள்ளைப் புள்ளிகள். இன்னும் சில நாளில் இந்தப் புள்ளிகள் இருக்காது. மீன் நன்றாகச் சாப்பிடும், சுற்றிச் சுற்றி வரும். வீட்டில் எல்லோரும் "அதுவாகவே சரியாகிவிட்டது" என்பார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் விளக்கைப் போட்டால், தொட்டியில் இருக்கும் எல்லா மீன் மேலும் புள்ளி.

நடுவில் அந்தப் புள்ளிகள் எங்கே போயிருந்தன? அது புரிந்துவிட்டால் எந்த மருந்து, எத்தனை நாள், எதற்காகத் தனித் தொட்டி என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

(திரையில்: வாழ்க்கைச் சுழற்சி வரைபடம்)

கடல் மீன் வளர்ப்பவர்கள் இதை ஐக் என்பார்கள். அறிவியல் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். ஒற்றைச் செல் உயிரி. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, அது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் கட்டம். மூன்று முதல் ஏழு நாளில் வயிறு நிறைந்ததும் மீனை விட்டு இறங்கிவிடும். மீன் 'குணமாவது' அப்போதுதான்.

இறங்கியது மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான கூட்டைக் கட்டிக்கொள்ளும். உள்ளே பிரிந்து பிரிந்து பெருகும். ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள்கூட வெளியே வரலாம். பெரும்பாலும் இருட்டில்தான் வரும், மீன்கள் கல் இடுக்கில் தூங்கும் நேரம். வெளியே வந்த குஞ்சுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும்.

கூடு எப்போது உடையும் என்பதுதான் சிக்கல். சில கூடுகள் மூன்றே நாளில் உடையும். பல கூடுகள் நான்கு வாரத்துக்குள் உடைந்துவிடும். ஆய்வகத்தில் 72 நாள் வரை தாக்குப்பிடித்த கூடும் உண்டு.

மருந்து என்று நாம் ஊற்றுகிற காப்பர், அதாவது செம்பு கலந்த திரவம், தோலுக்கு அடியில் இருப்பதை ஒன்றும் செய்யாது. கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நீந்திவரும் குஞ்சை மட்டும்தான் கொல்லும். அதனால்தான் "ரெண்டு நாள் மருந்து போட்டேன், கேட்கலையே" என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் போட்ட அந்த இரண்டு நாளில் குஞ்சு ஒன்றுகூட வெளியே வராமல் இருந்திருக்கலாம்.

"எல்லாத் தொட்டியிலும் ஐக் இருக்கும், மீனுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் போதும்" என்ற பேச்சும் நிறையக் கேட்கிறது. அப்படி இல்லை. மீன் இல்லாமல் இதனால் தன் சுழற்சியை முடிக்கவே முடியாது. உள்ளே விடாமல் இருந்தால் இருக்காது. பூண்டுச் சாறு, சுத்தப்படுத்தும் இறால், யூவி விளக்கு இவையெல்லாம் தொல்லையைக் கொஞ்சம் குறைக்கலாம். ஒழித்துக் கட்டாது. பவளத்துக்குப் பாதுகாப்பானது என்று விற்கும் மருந்துகளிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இறாலுக்கும் பவளத்துக்கும் ஒன்றும் ஆகாத அளவு மென்மையான மருந்து, இந்தக் குஞ்சை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

(திரையில்: இரண்டடித் தொட்டி, காலியாக)

சரி, தனித் தொட்டி. புது மீனையும் நோயுள்ள மீனையும் பெரிய தொட்டியில் விடாமல் வைத்துப் பார்க்கும் இடம். இங்கே சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் இன்னொரு தொட்டிக்கு இடமா என்று கேட்பீர்கள். இரண்டடித் தொட்டி போதும். துணி காயப்போடும் இடத்தில், ஸ்டோர் ரூமில், படிக்கும் மேசைக்கு அடியில்கூட வைக்கலாம். பெரிய தொட்டியிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் சொல்லப்போகும் வெல்வெட் என்ற இன்னொரு நோய், காற்றில் தெறிக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வலை, வாளி, டியூப் எல்லாம் தனி. கையையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தொட்டிக்குப் போக வேண்டும்.

உள்ளே மணல் வேண்டாம், லைவ் ராக் எனப்படும் கடல் கல்லும் வேண்டாம். இரண்டும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். மீன் ஒளிந்துகொள்ள, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய் முழங்கைகள் நாலைந்து. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், மேலே மூடி. மூடி முக்கியம், ராஸ் மீன்கள் துள்ளித் தரையில் விழுந்து காய்ந்துபோகும். ஏர்கான் ஓடும் அறையாக இருந்தால் ஒரு ஹீட்டரும் வேண்டும். சிங்கப்பூரில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். பகலில் 30 டிகிரி, ராத்திரி ஏர்கானில் 24 என்று ஏறி இறங்கினால் மீன் அதிலேயே துவண்டுவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டும். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்பது நம் வீடுகளில் சொல்வது. இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீரில் இருப்பது குளோராமைன். அது ராத்திரியோடு போகாது. உப்பைக் கலக்கும் முன் குளோரின் நீக்கி சேர்த்தே ஆக வேண்டும், அல்லது ஆர்ஓ வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீர்.

தனிமைத் தொட்டியில் ஒட்டுண்ணியைவிட அதிக மீன்களைக் கொல்வது அம்மோனியா என்றே நான் சொல்வேன். கடல் நீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் நச்சு வடிவம் அதிகம். நம் ஊர் வெப்பமும் அதற்குத் துணை. ஸ்பாஞ்சை முன்கூட்டியே பாக்டீரியா ஊற்றிப் பழக்கி வையுங்கள். ஏற்கெனவே நோய் இருக்கும் தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டும் கீழ்த்தொட்டியில்) போட்டுப் பழக்கினால், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். இன்னொன்றும் உண்டு. காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவைக் கட்டும் திரவங்களை ஊற்றாதீர்கள். சிலவகைக் காப்பர் அவற்றோடு சேர்ந்து மீனுக்கு நஞ்சாகிவிடும். தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

(திரையில்: பிளாஸ்டிக் பையில் மீன், பக்கத்தில் ரிஃப்ராக்டோமீட்டர்)

சிராங்கூன் நார்த் பக்கமோ பாசிர் ரிஸ் பண்ணைப் பக்கமோ போய் ஒரு மீனைப் பார்த்தீர்கள், பிடித்துப் போய்விட்டது. கடைக்கார அங்கிள் "குவாரன்டைன் பண்ணியாச்சு" என்கிறார். நல்லது. எத்தனை நாள், என்ன மருந்து, எந்த அளவில் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் எதுவானாலும் வீட்டில் உங்கள் கணக்கை முதலிலிருந்தே தொடங்குங்கள். கடையில் பல தொட்டிகள் ஒரே தண்ணீரில் ஓடுவது வழக்கம், ஒரு மீனுக்கு வந்தது வரிசை முழுக்கப் போகும். குறைந்த உப்பிலோ லேசான காப்பரிலோ ஓடும் கடைத் தொட்டியில் புள்ளி வெளியே தெரியாமலும் இருக்கும்.

அதனால் வீட்டுக்கு வந்ததும் பைத் தண்ணீரின் உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் முதலில் அளந்து பாருங்கள், அது ஒப்படர்த்தியாகக் காட்டும். பையில் 1.018, உங்கள் தொட்டியில் 1.025 என்றால், தொட்டியை 1.018-க்கு இறக்கிவிட்டு மீனை விடுங்கள். பிறகு ஒரு நாளைக்கு 0.001, 0.002 என்று ஏற்றலாம். உப்பைக் குறைப்பதை மீன் தாங்கும், சட்டென்று கூட்டுவதைத் தாங்காது.

இனி மருந்துக்கு முன், எதிரி யார் என்று பார்க்க வேண்டும். ஐக் என்றால் எண்ணக்கூடிய புள்ளிகள். வெல்வெட் என்பது அமைலூடினியம். அது எண்ண முடியாத மெல்லிய தூசு. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் பொன்னிறமாக மின்னும். ஆனால் தூசு தெரிவதற்கு முன்பே செவுளைப் பிடித்திருக்கும். மீன் வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்துக்குப் பயப்படும், பம்ப் தண்ணீர் அடிக்கும் இடத்தில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும் நோய் இது. காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

க்ளவுன் மீனின் உடம்பில் வெள்ளையாகச் சளி உரிந்து தொங்கினால் அது ப்ரூக்ளினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி. இதற்குக் காப்பர் கேட்காது. பார்மலின் குளியல்தான் பழைய வைத்தியம், அதை வீட்டில் கையாள்வது ஆபத்து. மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் இங்கே குறைவுதான், ஆனாலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.

(திரையில்: இரண்டு காப்பர் பாட்டில்கள் அருகருகே)

ஐக், வெல்வெட் இரண்டுக்கும் காப்பர். இந்த இரண்டு பாட்டிலையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். குப்ரமைன் வகை என்றால் இலக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். காப்பர் பவர் வகை என்றால் 2.5. ஐந்து மடங்கு வித்தியாசம்! ஒன்றின் கணக்கை மற்றதற்கு வைத்தால், ஒரு பக்கம் மீன் சாகும், மறுபக்கம் ஒட்டுண்ணி சுகமாக வாழும்.

அடுத்தது தண்ணீரின் அளவு. தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம். பெருக்கினால் ஏறக்குறைய 65 லிட்டர். ஆனால் நீங்கள் நிரப்புவது 30 சென்டிமீட்டர் உயரம் வரைதான். அதாவது 54 லிட்டர், கண்ணாடித் தடிமனைக் கழித்தால் இன்னும் குறைவு. 65 என்று நினைத்து ஊற்றினால் இலக்கை ஐந்தில் ஒரு பங்கு தாண்டிவிடும். முதல் தடவை நிரப்பும்போதே அளவு வாளியால் எண்ணி ஊற்றி, கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

மருந்தை ஒரே மூச்சில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றுங்கள். தினமும் அளக்க வேண்டும். ஹன்னா நிறுவனத்தின் சின்ன டிஜிட்டல் காப்பர் மீட்டர், லிட்டருக்கு 0 முதல் 5 மில்லிகிராம் வரை படிப்பது, கொஞ்சம் விலைதான். ஆனால் ஒரு டாங் மீனுக்குக் கொடுக்கும் வெள்ளியை நினைத்தால் பரவாயில்லை. நிறம் பார்த்து ஒப்பிடும் கிட் எல்லாம் இதற்குச் சரிப்படாது. தண்ணீர் மாற்றினால், புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பரைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். ஒரு ராத்திரி அளவு இறங்கினால் போதும், அன்று கூடு உடைத்து வந்த குஞ்சு மீனில் ஏறிவிடும், கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து.

எத்தனை நாள்? அளவு குறையாமல் 30 நாள். அல்லது 14 நாள் முடிந்ததும், காய்ந்து சுத்தமான வேறு தொட்டிக்கு மீனை மாற்றிவிடலாம். 14 நாளுக்குள் மீன் மேல் இருந்தவை எல்லாம் இறங்கியிருக்கும், காப்பர் இருப்பதால் புதிதாக எதுவும் ஏறியிருக்காது. கூடுகள் பழைய தொட்டியிலேயே கிடக்கட்டும்.

மாண்டரின் போன்ற செதிலில்லா மீன்களுக்கும் சில ராஸ்களுக்கும் காப்பர் ஒத்துக்கொள்ளாது. அவற்றுக்கு 72 மணி நேரத்துக்கு ஒரு முறை தொட்டி மாற்றும் முறை உண்டு. கூடு மூன்று நாளுக்கு முன் உடையாது, அதற்குள் மீன் இடம் மாறிவிடும். நான்கு மாற்றத்தில் வேலை முடிந்தது, மருந்து ஒரு சொட்டு வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் மாற்றி மாற்றிக் கழுவிக் காயவைத்துச் சமாளிக்கலாம். ஐக் மட்டுமே இதற்குப் பணியும். உப்பை 1.009-க்கு இறக்கி 30 நாள் வைப்பதும் அப்படியே. வெல்வெட் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் மறந்துவிட்டு, வேறு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

(திரையில்: கறுப்புப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைத் துணுக்குகள்)

இது தட்டைப்புழு, ஃப்ளூக். மீன் மேல் இருக்கும்போது கண்ணாடி போல இருப்பதால் தெரியவே தெரியாது. மீன் கண் மங்கலாகும், உடம்பைக் குழாயில் தேய்க்கும், அவ்வளவுதான் அடையாளம். அதே வெப்பம், அதே பிஎச் உள்ள, குளோரின் நீக்கிய நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை வைத்தால், எள் அளவு வெள்ளைத் துணுக்குகளாக உதிரும். கறுப்புப் பாத்திரம் அதற்காகத்தான். மீன் சாய்ந்து தடுமாறினால் உடனே எடுத்துவிடுங்கள்.

தொட்டிக்குள் பிராசிக்வான்டல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். அது முட்டையைக் கொல்லாது. அதனால் ஐந்து முதல் ஏழு நாளில், முட்டை பொரித்த பிறகு, இன்னொரு தடவை. இந்த மருந்து போட்ட நாளில் ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள், பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைக் குடித்துவிடும்.

நோய் ஏற்கெனவே பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டது என்றால், மீன் எல்லாம் வெளியே. பவளம், இறால், நத்தை உள்ளே. ஒரு மீன்கூட இல்லாமல் 76 நாள். 72 நாள் கூட்டைக் கணக்கில் வைத்துச் சொல்வது அது. தண்ணீரை 27 டிகிரியில் வைத்தால் 45 நாளே போதும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) போட்டு 25-இல் ஓட்டுபவர்கள், அந்த நாட்களில் இரண்டு டிகிரி ஏற்றிவிடுங்கள், குறுக்கு வழி கிடைக்கும்.

கடைசியாக, பலரும் கோட்டை விடுவது நத்தையில். நத்தைக்கு ஐக் வராது. ஆனால் அதன் ஓட்டில் கூடு ஒட்டியிருக்கலாம், பவளத்தின் அடிக்கல்லிலும்தான். வேறொருவர் தொட்டியிலிருந்து கரோசல் என்ற விற்பனைச் செயலியில் வாங்கிய பவளத் துண்டு, 'சும்மா எடுத்துக்கோங்க' என்று நண்பர் கொடுத்த நத்தை எல்லாம், காப்பர் படாத, மீனில்லாத ஒரு சின்னத் தொட்டியில் அதே 45 அல்லது 76 நாள் இருந்துவிட்டு வரட்டும். காப்பர் ஓட்டிய தொட்டியில் மட்டும் அவற்றைப் போடாதீர்கள், சிலிக்கான் ஒட்டிலும் ஸ்பாஞ்சிலும் தங்கிய காப்பரே நத்தைக்குப் போதும். அந்தத் தொட்டியின் மேல் ஒரு டேப் ஒட்டி 'காப்பர்' என்று எழுதி வையுங்கள்.