கை மறக்காத வேலை

[காட்சி: தங்கச்சிமடம், மணல்பாங்கான தோட்டத்தில் மல்லிகை நாற்றுப் பாத்தி]

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று போடுவது பல குடும்பங்களுக்குத் தொழில். அந்த வேலையிலேயே வயதாகிப்போன ஒரு அப்பத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்துவிட்டது. காலையில் சாப்பிட்டோமா என்று தெரியாது, பேரன் பெயர் வராது. ஆனால் ஒரு மல்லிகைக் குச்சியைக் கையில் கொடுங்கள். கணுவைத் தடவிப் பார்த்து, எந்த முனை மண்ணுக்குள் போக வேண்டுமோ அதைச் சரியாக ஊன்றிவிடுவார். இப்படிப்பட்டவர்களை வீட்டுத் தோட்ட வேலையில் எப்படி ஈடுபடுத்துவது என்று பார்ப்போம்.

[காட்சி: மூளையின் எளிய வரைபடம்]

டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணம் அல்சைமர் நோய். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸைத்தான் அது பெரும்பாலும் முதலில் பிடிக்கிறது. பழகிப் பழகிக் கைக்கு வந்த வேலைகள் வேறு பகுதிகளை, முக்கியமாகச் சிறுமூளையையும் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தளக் கருக்களையும் நம்பியிருக்கின்றன. அதனால் அவை இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். தோட்டத்தால் நோய் குணமாகாது, அதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். படபடப்பு குறையலாம், ஈடுபாடு கூடலாம்.

சரி, எல்லாருக்கும் செடி பிடிக்குமா? பிடிக்காது. பாம்பனில் காலமெல்லாம் கடலுக்குப் போன ஐயாவிடம் மண்வெட்டியைக் கொடுத்தால் முறைப்பார். அவரிடம் கயிற்றைக் கொடுத்து, பாகற்கொடிக்குப் பந்தல் கட்டித்தரச் சொல்லுங்கள். கிழிந்த வலையைப் பின்னிய விரல் முடிச்சை மறப்பது லேசில் நடக்காது.

[காட்சி: ஓலைப் பந்தல் நிழலில், மேசை உயரத்தில் மண் நிரப்பிய பைகள்]

"இது என்ன செடி, சொல்லுங்க பார்ப்போம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "இந்தத் துளசிக்குத் தண்ணி ஊத்துவோமா அப்பத்தா?" போதும். நட்டதைப் பிடுங்கி மறுபடி நட்டாலும் விட்டுவிடுங்கள், அதற்கென்றே ஒரு பை மண் வைத்தால் ஆயிற்று.

நம்ம ஊர் வெயிலுக்கு, விடிந்ததும் கொஞ்ச நேரம், வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்ச நேரம் போதும். தாகம் எடுப்பதை அவர்களே சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

கற்பூரவல்லி, துளசி, கீரை வையுங்கள். முண்டு மிளகாய் நம் மாவட்டத்துப் பெருமைதான், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் பறித்த கையால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும்? காய்க்கிற சமயத்தில் அந்தப் பையைத் தள்ளி வையுங்கள். அரளியோ வீட்டில் இருக்கவே கூடாது, அதன் எல்லாப் பாகமும் விஷம், இதயத்தைத் தாக்கும். அப்புறம் பூச்சிமருந்து. குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை இன்றைக்கே நிறுத்திவிட்டுப் பூட்டி வையுங்கள்.