ஆற்றில் மீன் விடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் நம் வீட்டுக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர், தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மேடேறி வருகிறது. அந்த ஆற்றில் ஒரு மீன் இருக்கிறது. திமில் மகசீர். கெண்டை வகைதான், ஆனால் முதுகில் திமில், துடுப்புகள் ஆரஞ்சு நிறம். 50 கிலோவைத் தாண்டி வளரும். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

விடுமுறை நாட்களில் நாங்கள் சிலர் காவிரிக் கரைக்குப் போய், பாறைகளில் சிக்கிய நைலான் வலைகளை அறுத்து எடுப்போம். எங்களோடு ஒரு பெரியவர் வருவார். இளமையில் தோட்டா, அதாவது வெடி, போட்டு மீன் பிடித்தவர். ஒருநாள் வலையில் சிக்கியிருந்த செதில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கையை மறைத்தது! "தோட்டா போட்டா மிதக்கிறது கொஞ்சம்தான் சார், மீதி அடியிலேயே போயிடும், குஞ்சும் சேர்ந்து போயிடும்" என்றார். பிறகு, தூண்டில்காரர்கள் கரைக் காவலுக்கு ஆள் தேடியபோது முதலில் போய் நின்றதும் அவர்தான். எந்த மடுவில் யார் இறங்குவார்கள் என்று அவருக்குத்தானே தெரியும்?

தூண்டில்காரர்கள் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 1972-ல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தினர் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள், கரைக்குக் காவலும் போட்டார்கள். கரையில் ஆள் நடமாட்டம் இருந்தால் தோட்டா வராது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: கரையில் ஆள் வேண்டும்.

ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது. 1970-களிலிருந்து, பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, நம் திமில் மீன் அருகிக்கொண்டே போனது. இதன் அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதியானதே 2018-ல்தான். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதனால் புண்ணியம் என்றோ, பிறந்தநாள் என்றோ கடையில் வாங்கிய மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள். அங்கே ஏற்கனவே ஒரு மீன் குடியிருக்கிறது.

அப்புறம் மணல். மகசீர் முட்டையிடுவது ஓடுகிற நீரில், கூழாங்கல் படுகையில். அதை அள்ளிவிட்டால்... சரி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பெங்களூரின் விருஷபாவதி ஆற்றைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். நம் வீட்டுச் சாக்கடை அதில் விழுந்து, அர்க்காவதி ஆற்றின் வழியாக, சங்கமத்தில் இதே காவிரியில்தான் போய்ச் சேர்கிறது. வணக்கம்.