திமிங்கல வயிற்றுக்குள் இரண்டு பேர்

(ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். இடையில் மின்சாரம் போய்வந்த பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'நாட்டுப்புறக் கதைப்பாடல்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் இன்றைக்குப் பேசப்போவது அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரத்திலிருந்து வந்த தி டிசம்பரிஸ்ட்ஸ் என்ற இசைக்குழுவைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நம்ம கரைக்கே வந்துவிடுவேன்.

என்னிடம் தமிழ் படித்த பாம்பன் பையன் ஒருவன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். நடுக்கடலில் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் எதையாவது அனுப்புவான். ஒருநாள் ஒரு பாட்டை அனுப்பி, "சார், ரெண்டு பேர் திமிங்கல வயித்துக்குள்ள உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்காங்க. கேளுங்க" என்று எழுதியிருந்தான். ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான பாட்டு. எனக்கு ஆங்கிலப் பாட்டு காதில் ஏறாது. சொற்களை எழுதிவைத்துக்கொண்டு, அகராதியோடு மூன்று முறை கேட்டேன். நாலாவது முறை அகராதி தேவைப்படவில்லை.

கதை இதுதான். கப்பல் முழுகி, மாலுமிகளையெல்லாம் திமிங்கலம் விழுங்கிவிட்டது. இரண்டு பேர் மட்டும் உயிரோடு உள்ளே கிடக்கிறார்கள். இளையவன் மூத்தவனிடம் சொல்கிறான்: என்னை உனக்கு நினைவிருக்காது. எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, கைம்பெண்ணான என் தாயிடம் நீ வந்தாய். சூதாடினாய். கடனை அவள் தலையில் கட்டிவிட்டு ஓடினாய். அவள் நோயில் விழுந்து செத்தாள். சாகும்போது என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள்: அவனைத் தேடிப் பிடி, பழி வாங்கு. அந்தப் பையன் தெருவில் வளர்ந்து, ஒரு மடத்தில் வேலை பார்த்து, அங்கே பாவமன்னிப்பு கேட்க வந்த ஒருவன் வாயிலிருந்து அந்த ஆளைப் பற்றித் துப்புக் கிடைத்து, கடலில் இறங்கி, இருபது மாதம் அலைந்து, கடைசியில் அந்தக் கப்பலைப் பார்த்து நெருங்குகிறான். அந்த நேரம் பார்த்துத் திமிங்கலம் வருகிறது. எல்லோரையும் விழுங்கிவிட்டு இவர்கள் இருவரை மட்டும் மிச்சம் வைக்கிறது. "குனிந்து கேள், நீ கேட்கப்போகும் கடைசி வார்த்தைகளைச் சொல்கிறேன்" என்கிறான். பாட்டு முடிகிறது. பழி வாங்கினானா இல்லையா என்று பாட்டு சொல்வதில்லை. திமிங்கலத்தின் வயிற்றுக்குள் எங்கே ஓடிவிடப் போகிறான்?

இந்தப் பாட்டைப் பாடிய குழுதான் தி டிசம்பரிஸ்ட்ஸ். 1825 டிசம்பரில் ரஷ்ய மன்னன் நிக்கோலஸுக்கு எதிராகக் கிளம்பிய படை அதிகாரிகளை அப்படி அழைப்பார்கள். கிளர்ச்சி ஒரே நாளில் அடங்கியது. ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள், நிறையப் பேரை சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். தோற்றுப்போனவர்களின் பெயரைத் தேடிப்பிடித்து வைத்துக்கொண்ட குழு இது. நமக்கு டிசம்பர் என்றால் வேறு நினைப்பு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. என் அப்பத்தா அதைப் பேச்சாக ஒருநாளும் சொன்னதில்லை. ராகம் போட்டுத்தான் சொல்வார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ம் கொட்ட வேண்டும். ம் சத்தம் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார்.

இந்த ம் கொட்டுகிற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான்.

குழுவின் தலைவர் காலின் மெலாய், மொன்டானா மாநிலத்துக்காரர். அங்கே பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியம் படித்தவர். அவருடைய அக்கா மைலி மெலாய் நாவலாசிரியர். போர்ட்லாந்துக்கு வந்து, நேட் க்வெரி, ஜென்னி கான்லீ ஆகியோரோடு ஒரு மௌனப் படத்துக்கு இசை சேர்த்தார். கிறிஸ் ஃபங்க் வந்து சேர்ந்தார். 2000-இல் குழு தொடங்கியது. முதல் பதிவுக்குக் கையில் காசில்லாமல், முந்தின நாள் இரவு ஒரு ஓட்டல் மதுக்கூடத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் வாசித்து, அந்தப் பணத்தில் ஸ்டூடியோ வாடகை கட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து பாட்டையும் முடித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் எனக்குப் பிடித்தது ஒரு மன்னிப்புப் பாட்டு. நண்பன் ஊருக்குப் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போன சைக்கிளை இவர் தொலைத்துவிடுகிறார். அதற்கு மன்னிப்புக் கேட்டுப் பாட்டாகவே பாடி, நண்பனின் தொலைபேசிப் பதிவுக் கருவியில் விட்டுவிடுகிறார். நம்ம ஊரில் யாராவது சைக்கிளைத் தொலைத்துவிட்டுப் பாட்டுப் பாடினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். இவர்களுக்குத் திருட்டு ராசி போலிருக்கிறது. 2005-இல் குழுவின் கருவிகள் இருந்த இழுவை வண்டியையே யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இண்டி என்று ஒரு சொல்லைப் பையன்கள் இப்போது தாராளமாகப் புழங்குகிறார்கள். பெரிய கம்பெனியின் பிடியில் இல்லாமல், சின்ன வெளியீட்டாளரோடோ சொந்தச் செலவிலோ பாட்டை வெளியிடுவது, அவ்வளவுதான். நமக்கு இது புதிதில்லை. காலணா, அரையணாவுக்குச் சந்தையில் விற்ற சிந்துப் புத்தகம் எல்லாம் இண்டிதான். எங்கேயாவது கொலை விழுந்தால், ஒரு வாரத்தில் கொலைச்சிந்து எழுதி, ஏதோ ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் அடித்து, ரயிலடியில் நின்று பாடியே விற்றுவிடுவார்கள். பாட்டைக் கேட்டவன் மிச்சக் கதைக்காகப் புத்தகம் வாங்குவான். பாதியில் நிறுத்துவதுதான் அதில் வியாபாரம்.

இவர்களும் அப்படித்தான். முதலில் உள்ளூரின் சின்ன நிறுவனம். அப்புறம் பக்கத்து மாநிலத்தில் கொஞ்சம் பெயர் பெற்ற இன்னொன்று. திமிங்கலப் பாட்டு வந்த 2005-ஆம் ஆண்டுத் தொகுப்பை ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் பதிவு செய்தார்கள். அப்புறம் கேப்பிடல் என்ற பெரிய கம்பெனிக்குப் போய், 2006-இல் அங்கே முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். பெரிய இடத்துக்குப் போனால் பாட்டு மூன்று நிமிடமாகச் சுருங்கும் என்று எல்லோரும் பயந்திருப்பார்கள். அங்கே போய் இவர்கள் எடுத்தது ஜப்பானிய நாட்டுப்புறக் கதையை: அடிபட்ட கொக்கைக் காப்பாற்றிய ஏழை, பெண்ணாக வந்து அவனைக் கட்டிக்கொள்ளும் கொக்கு, தன் இறகைப் பிடுங்கியே அவள் நெய்யும் துணி, பார்க்காதே என்று சொல்லியும் அவன் எட்டிப் பார்ப்பது. அதிலும் கதையின் கடைசிப் பாகத்தைத் தொகுப்பின் முதல் பாட்டாக வைத்தார்கள், முன்கதையைப் பின்னால் வைத்தார்கள். முடிவு தெரிந்துவிட்டால் யார் கேட்பார்கள் என்று நினைக்கலாம். வள்ளி முருகனைக் கட்டிக்கொள்வாளா மாட்டாளா என்று தெரியாமலா பத்து மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வள்ளி திருமணம் பார்க்கப் போகிறோம்?

ஜென்னி கான்லீ வாசிக்கும் அக்கார்டியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாடக மேடை ஆர்மோனியத்துக்கு அது பங்காளி. இரண்டிலும் துருத்திக் காற்றுத்தான், உள்ளே உலோக நாக்குத்தான். ஒன்றைக் காலால் மிதிப்பார்கள், மற்றதை நெஞ்சில் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பாட்டுகள் நம் காதுக்குச் சீக்கிரம் பழகிவிடுவதற்கு இந்த ஒலியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனிமேல்தான் எனக்கும் இவர்களுக்கும் தகராறு. 2009-இல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, பதினேழு பாட்டும் ஒன்றையொன்று விடாமல் தொடர, ஒரே கதையை ஒரு தொகுப்பாகப் போட்டார்கள். விடிய விடிய நாடகம் பார்த்த நமக்கு ஒரு மணி நேரம் ஒரு பொருட்டில்லை. அங்கே சிலர் நீளம் என்று முகம் சுளித்தார்கள். அதில் ஒருவன் பாடுகிறான்: இளம் வயதில் கட்டினேன், பிள்ளைகள் வரிசையாக வந்தன, நாலாவது பிரசவத்தில் மனைவியும் போனாள், பிள்ளையும் போனது. மிச்சம் மூன்று. சுமை. ஒன்றுக்கு விஷச் செடியைக் கொடுத்தேன், ஒன்றைத் தண்ணீரில் அமுக்கினேன், ஒன்றை எரித்தேன். இப்போது நிம்மதியாக இருக்கிறேன். பின்னால் முரசு இடிக்கிறது, குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை.

முதல் தடவை கேட்டபோது நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் நான் கேட்டு வளர்ந்த கதையில் செத்த பிள்ளைகள் ஏழு. நல்லதங்காள் வாழ்க்கைப்பட்ட ஊர் மானாமதுரை, அண்ணன் நல்லதம்பியின் ஊர் அர்ச்சுனாபுரம். 1985-இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை இரண்டுமே நம் ராமநாதபுரம் மாவட்டம்தான். மழை பொய்த்துப் பஞ்சம் வந்து, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் இல்லை. அண்ணி மூளியலங்காரி சோறு போடவில்லை. திரும்பி வரும் வழியில் கிணற்றில் ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடி, பாட்டில் எண்ணிக்கொண்டே வரும். மூத்தவன் கெஞ்சுவான்.

நம் பாட்டில் பாடுகிறவன் வெளியே நின்று அவளுக்காக அழுகிறான். நாமும் சேர்ந்து அழுகிறோம், மூளியலங்காரியைத் திட்டுகிறோம். ஊரே ஒரு பக்கம் நிற்கிறது. மெலாய் பாடும்போது கொலைகாரனே 'நான்' என்று பேசுகிறான். அழுவதற்குத் துணை இல்லை. திட்டுவதை நாம் தனியாகத்தான் செய்ய வேண்டும். இது நம் வழியைவிட மேல் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பாரி வைக்கிற ஊர்க்காரன் நான், எனக்கு ஆள் துணை வேண்டும். ஆனால் அந்தக் குளிர்ச்சி எலும்பில் ஏறுகிறது, அதை மறுக்க முடியாது. நியாயம் கிடைக்காமலும் போகவில்லை. அதே தொகுப்பில் பிற்பாடு அந்த மூன்று பிள்ளைகளும் ஆவியாக வந்து அப்பனைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் அவர்களும் நம்ம ஊர்க்காரர்களாகிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. இவ்வளவு நீளக் கதைகள் பாடியும் கிடைக்காதது, 2011-இல் ஒரு பண்ணைக் களஞ்சியத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்னப் பாட்டுகளாக, கதையைக் குறைத்துப் போட்ட தொகுப்புக்குக் கிடைத்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம். நல்ல பாட்டுகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மாணவன் நடுக்கடலிலிருந்து அனுப்பியது அவற்றில் எதையும் இல்லை. அந்த வருடமே ஜென்னி கான்லீக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டு வந்தார். மெலாய் தன் மனைவி கார்சன் எல்லிஸோடு சேர்ந்து சிறுவர் நாவல்கள் எழுதினார். இவர் எழுத, அவர் படம் வரைந்தார். குழுவின் தொகுப்புகளுக்கு அட்டை வரைந்தவரும் அவர்தான். நடுவில் 2015-லும் 2018-லும் தொகுப்புகள் வந்தன. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 2024-இல் சொந்த வெளியீட்டு நிறுவனத்திலேயே இரட்டைத் தொகுப்பு போட்டார்கள். அதன் கடைசிப் பாட்டு பத்தொன்பது நிமிடம். பெரிய கம்பெனியை விட்டு வந்ததும் பழைய புத்தி திரும்பிவிட்டது, எனக்கு அதில் சந்தோஷம்.

2008 மே மாதம் போர்ட்லாந்து ஆற்றங்கரையில் ஒபாமாவின் தேர்தல் கூட்டம். எழுபத்தைந்தாயிரம் பேர் இருந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அவர் பேசுவதற்கு முன்னால் வாசித்தது இவர்கள்தான். தலைவர் வரும்வரை கச்சேரி வைப்பது நம்ம ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பாட்டுக்காக வந்திருப்பார்கள்? கூட்டம் வேறு, ம் கொட்டுகிறவர்கள் வேறு.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். திமிங்கலப் பாட்டை மேடையில் பாடும்போது ஒரு ஏற்பாடு உண்டு. பாடத் தொடங்கும் முன்பே கூட்டத்துக்குச் சொல்லிவிடுவார்கள்: நான் சைகை காட்டும்போது, திமிங்கலம் உங்களை விழுங்குவதுபோல எல்லோரும் அலற வேண்டும். சில மேடைகளில் பெரிய பொம்மைத் திமிங்கலமே வந்து வாயைத் திறக்கும். கூட்டம் அலறும். அந்த அலறல் வராவிட்டால் பாட்டில் கப்பல் முழுகாது.

வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுகிற ஆளும் இதைத்தான் செய்கிறார். கரைவலை இழுக்கும்போது போடும் அம்பாவும் இதேதான். சின்ன வயதில் நான் கயிற்றின் வால் பக்கம் நின்றிருக்கிறேன். முன்னே நிற்கிறவர் ஒரு வரி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். சாமி பெயர் வரும், முறைப்பெண் வருவாள், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனமும் வரும். அந்த வரிக்கு மட்டும் ஏலேலோ பலமாக விழும், வலையும் ஒரு பாகம் கூடுதலாகக் கரையேறும். எஞ்சின் வந்தது, பாட்டு போனது என்று சொல்கிறோம். எடுத்துப்பாட இன்றைக்கும் ஆள் இருக்கிறது. வாங்கிப்பாடத்தான் ஆளைக் காணோம். கீழக்கரைப் பக்கம் கிஸ்ஸா, அதாவது இஸ்லாமியக் கதைப்பாட்டு, படிப்பதைச் சின்ன வயதில் கேட்ட பெரியவர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: "படிக்கிறதுக்கு நான் ரெடி தம்பி, உட்கார்ந்து கேட்க வீட்ல யாரு இருக்கா?"

இந்தக் குழுக்காரர்கள் இருபது வருடத்துக்கு மேல் எதைச் சம்பாதித்தார்கள் என்று கேட்டால், அந்த அலறலைத்தான் என்பேன். ஒன்பது நிமிடம் ஒரே கதைக்குக் காது கொடுத்து, சரியான இடத்தில் வாய் திறக்கிற கூட்டம்.

நூலகர் அய்யா கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, முடித்துக்கொள்கிறேன். ஸ்பீக்கர் கொண்டுவந்திருக்கிறேன். கதை இப்போது உங்களுக்குத் தெரியும், ஆங்கிலம் புரியாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கப்பலை நெருங்குகிற இடத்தில் நான் கையைத் தூக்குவேன். எல்லோரும் அலற வேண்டும். பின்வரிசைப் பையன்கள் இப்போதே சிரிக்கிறார்கள், அவர்கள் மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது. முன்வரிசைப் பெரியவர்கள்தான் கவலை. ஜன்னலைத் திறந்தே வையுங்கள். சத்தம் கேட்டுப் படகுத்துறைப் பக்கமிருந்து யாராவது ஓடிவந்தால், உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், மறுபடி முதலிலிருந்து போடலாம்.