முதுகுக்குப் பாயும் வயிற்று வலி

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் 25 வருடங்களாக மருத்துவம் பார்த்து வருகிறேன்.

ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஓர் ஆச்சியை நடுராத்திரியில் அழைத்து வந்தார்கள். கட்டிலில் படுக்கச் சொன்னால் படுக்க மறுக்கிறார். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். மேல்வயிற்றில் தொடங்கிய வலி நேரே முதுகில் போய்க் குத்துகிறது. வாந்தி நிற்கவில்லை. "பந்தியில சாப்பிட்டது ஒத்துக்கலை டாக்டர், வாயுதான். சோடா குடுத்தோம், ஓமத்தண்ணி குடுத்தோம்" என்றார் மகன். இப்படியே ஆறு மணி நேரம் போயிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் லைபேஸ் என்ற செரிமான நொதி பல மடங்கு ஏறியிருந்தது. கணைய அழற்சி.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. அதனால்தான் வலி முதுகுக்குப் பாய்கிறது; குனிந்தால் கொஞ்சம் இதமாக இருக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 100 கிராம். இந்தச் சின்ன உறுப்பு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை சாறு சுரக்கிறது. இரைப்பையிலிருந்து புளித்து இறங்கும் உணவின் அமிலத்தை அந்தச் சாறு தணிக்கிறது. அதில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தையும், லைபேஸ் கொழுப்பையும், டிரிப்சின் புரதத்தையும் உடைக்கின்றன.

சாப்பாடு வந்த செய்தி கணையத்துக்கு எப்படிப் போகிறது? 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்தக் குடல் பகுதியில் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. குடலே ரத்தத்தின் வழியாக ஆள் அனுப்பிச் சொல்கிறது. அந்தத் தூதுப் பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, கோழிக்கறியைக் கரைக்கும் டிரிப்சின் கணையத்தையே ஏன் கரைப்பதில்லை? நம் வீடுகளில் இருக்கும் பெட்டகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணையம் டிரிப்சினைப் பூட்டித்தான் அனுப்புகிறது. சாவி அதனிடம் இல்லை, சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராத ஏற்பாடு இது. அந்தப் பூட்டு வழியிலேயே, கணையத்துக்குள்ளேயே திறந்துகொண்டால் கணையம் தன்னையே அரிக்கத் தொடங்குகிறது. அழற்சி என்பது அதுதான்.

மகன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "எங்க ஆத்தா குடிக்கிறவுக இல்லையே டாக்டர், இது எப்படி வந்துச்சு?" என்று கூசிக் கூசிக் கேட்டார். இந்தக் கூச்சம் பல வீடுகளில் நோயை மறைக்க வைக்கிறது, அதுதான் எனக்கு வருத்தம். மது ஒரு பெரிய காரணம், மறுக்கவில்லை. அதே அளவுக்குப் பெரிய காரணம் பித்தப்பைக் கல். பித்தக்குழாயும் கணையக்குழாயும் பெரும்பாலோருக்குக் குடலில் ஒரே வாசலில் திறக்கின்றன. மிளகளவு கல் நழுவி வந்து அங்கே அடைத்தால் போதும். ஆச்சிக்கு நடந்தது அதுதான். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு, டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போனாலும் வரலாம். சில மருந்துகளாலும் வரும்.

செட்டிநாட்டுக் காரம் காரணமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. மிளகும் மிளகாயும் கணையத்தைப் புண்ணாக்குவதில்லை. ஆனால் எண்ணெயும் நெய்யும் மிதக்கும் விருந்து பித்தப்பையைச் சுருங்க வைக்கும். உள்ளே கல் இருந்தால் அப்போது அது நகரலாம்.

ஐந்தில் நான்கு பேருக்கு இது லேசாக வந்து, நரம்பு வழியே நீர் ஏற்றி, வலியைத் தணித்துக் கவனித்தால் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். மீதிப் பேருக்குச் சிறுநீரகம், நுரையீரல் வரை பாதிக்கலாம். யாருக்கு எப்படிப் போகும் என்று முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. குடியும் புகையும் விடாதவர்களுக்குக் கணையம் மெல்ல மெல்ல அழியலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், உடல் இளைக்கும். இன்சுலினும் அங்கிருந்தே வருவதால் சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் இருந்து, அரை மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் சோடாவைத் தேடாமல் வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஆச்சிக்கு வலி அடங்கியதும், வீட்டுக்கு அனுப்பும் முன்பே பித்தப்பையை எடுக்க ஏற்பாடு செய்தோம். அடுத்த கல்யாணத்துக்கு என்னை அழைக்க வந்தபோது, வெள்ளைப் பணியாரம் இரண்டு சாப்பிடலாமா என்று கேட்டார். சாப்பிடுங்கள் ஆச்சி என்றேன்.

வணக்கம்.