ரப்பர் பேண்டும் 311-ஆம் நம்பர் அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சிவகாசியில் 38 வருஷம் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருந்தவன். லேபிள், காலண்டர், டைரி அட்டை என்று என் கை படாத சரக்கு இல்லை. ஆனால் பேஸ்பால் ஆட்டம் எனக்கு இன்றைக்கும் அரைகுறையாகத்தான் புரியும். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களுக்குத் துணிச்சல் அதிகம். எனக்கும் கொஞ்சம் இருக்கிறது என்பதால் வந்துவிட்டேன்.

என் மகன் நியூஜெர்ஸியில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்கப்பா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு அட்டைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனான். நம் ஊர் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு ஹால். வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் என் வயசுக்காரர்கள், நகைக்கடையில் கல் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலம்கூட இல்லாத அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதோ பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிற இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

ஒரு மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக ஒரு அட்டை. நீல வானம். மஞ்சள் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு இளைஞன் அண்ணாந்து பார்க்கிறான். மூலைகள் நான்கும் மழுங்கி, நடுவில் ஒரு மடிப்பு. விலையைக் கேட்டேன். அந்தப் பணத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வீடே வாங்கலாம். நல்ல நிலையில் இருந்தால் என்ன விலை என்று கேட்டதற்கு அந்த வியாபாரி சிரித்தார். 2022 ஆகஸ்டில் இதே அட்டையின் ஒரு பிரதி ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது என்றார். டாலர், ரூபாய் இல்லை.

அந்த இளைஞன் மிக்கி மேண்டில். 1931-இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா ஈயமும் துத்தநாகமும் எடுக்கிற சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்பாவும் தாத்தாவும் ஆளுக்கொரு கையால் பந்து போட்டுப் பழக்கியதில், வலது இடது இரண்டு பக்கமும் நின்று அடிக்கிறவராக வளர்ந்தார். 1951 முதல் 1968 வரை ஒரே அணி, நியூயார்க் யாங்கீஸ். 536 ஹோம் ரன். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், பந்து மைதானத்தைத் தாண்டிப் போய் விழுகிற சிக்ஸர். இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்டு சீரிஸில் மட்டும் 18. அந்த 18-ஐ இதுவரை யாரும் தாண்டவில்லை. பொன்னிற முடி, பட்டிக்காட்டுச் சிரிப்பு, முதல் வருஷமே முட்டியில் அடிபட்டும் வலியோடு ஓடிய ஓட்டம். அந்தக் காலத்து அமெரிக்கப் பையன்களுக்கு அவர் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒருவர் இருப்பார்.

இனிமேல் நான் பேசப்போவது ஆளைப் பற்றி இல்லை, காகிதத்தைப் பற்றி.

புரூக்ளினில் டாப்ஸ் என்று ஒரு பபிள் கம் கம்பெனி. கம் விற்க வேண்டும், அதற்காக அட்டை போட்டார்கள். சை பெர்கர் என்று அங்கே வேலை பார்த்த ஒரு இளைஞர் 1952-ஆம் வருஷ அட்டையைத் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வடிவமைத்தார். முன்னால் படம், அணிச் சின்னம், கையெழுத்து. பின்னால் ஆட்டக்காரரின் புள்ளிவிவரம். மொத்தம் 407 அட்டை. மொத்தமாகப் போடாமல், சீசன் போகப் போகப் பகுதி பகுதியாக விட்டார்கள். கடைசிப் பகுதி 311-இல் ஆரம்பித்து 407-இல் முடிகிறது. அந்த 311 மேண்டில்.

அச்சுக்காரன் புத்தி எனக்கு இங்கேதான் விழித்துக்கொண்டது. 311 முதல் 407 வரை எண்ணிப் பாருங்கள், 97 வரும். அச்சடிக்கிற ஷீட்டில் பத்துக்குப் பத்து, நூறு அட்டை. மூன்று இடம் காலி. காலி இடத்தை எந்த பிரஸ்ஸிலாவது சும்மா விடுவார்களா? மூன்று அட்டையை இரண்டு தரம் போட்டு நிரப்பினார்கள். 311, 312, 313. மேண்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன். அதாவது அந்த வரிசையில் மற்றவர்கள் ஒன்று என்றால் மேண்டில் இரண்டு. உலகத்தில் எல்லாரும் தேடுகிற அட்டை, அது வந்த பகுதியில் இரண்டு மடங்கு அச்சான அட்டை!

இதற்குச் சாட்சியும் அட்டையிலேயே இருக்கிறது. பின்பக்கத்தில் நம்பர் ஒரு பந்துப் படத்துக்குள் இருக்கும். அந்தப் பந்தின் தையல் சில பிரதிகளில் வலது பக்கம் பார்க்கும், சிலவற்றில் இடது பக்கம். ஷீட்டில் இரண்டு இடம், இரண்டு தனி வேலை. ஐம்பது வருஷம் அட்டை சேர்த்தவர்கள் இதை இரண்டு வகை என்று பெயர் வைத்துச் சொல்கிறார்கள். எனக்குப் பார்த்ததுமே, பிளேட் வேலை செய்தவர் இரண்டாவது தரம் கையை வேறு மாதிரி ஓட்டிவிட்டார் என்று தோன்றியது.

அப்படியென்றால் ஏன் இந்த விலை? தாம்சனும் இதே எண்ணிக்கைதான் அச்சானார். 1951-இல் ஒரே அடியில் ஒரு சீசனையே முடித்துவைத்த ஆள் அவர். இருந்தும் மேண்டில் விலைக்குப் பக்கத்தில்கூட அவர் அட்டை நிற்பதில்லை. அரிய பொருளுக்குத்தான் விலை என்று நாம் சும்மா சொல்லிக்கொள்கிறோம். கேட்கிற ஆள் எத்தனை பேர் என்பதும் பாதி விலை. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மேண்டிலின் முதல் அட்டை இதுவே இல்லை. முந்தைய வருஷம், 1951-இல், போமன் என்ற வேறு கம்பெனி 253-ஆம் நம்பராக அவரைப் போட்டுவிட்டது. முதல் அட்டைக்கே மதிப்பு அதிகம் என்பது அந்தத் தொழிலின் பொது விதி. ஆனாலும் இரண்டாவதாக வந்த டாப்ஸ் அட்டைதான் மேலே போய்விட்டது. பெரிய அளவு, பளிச்சென்ற நீலம். கண்ணுக்கு அழகு என்பதற்கும் விலை உண்டு போலிருக்கிறது.

இன்னொரு காரணம், அந்தக் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது சீசன் முடிகிற நேரம். பையன்கள் ஃபுட்பால் பக்கம் போய்விட்டார்கள். சரக்கு ஓடவில்லை. தீபாவளி முடிந்த பிறகு வந்து இறங்கிய பட்டாசு லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பெட்டியாகக் கோடவுனில் கிடந்தது. காசுக்குப் பத்து என்று கொடுத்துப் பார்த்தும் போகவில்லையாம். 1960-இல் இடம் தேவைப்பட்டபோது, பெர்கர் ஒரு படகு பிடித்து, நியூஜெர்ஸி கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் எல்லாவற்றையும் கொட்டினார். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம்பாதவர்களும் உண்டு. எனக்கு நம்புவதில் சிரமமில்லை. ஓடாத காலண்டரை எடைக்குப் போட ஆள் தேடியவன் நான்.

கடலுக்குத் தப்பியவை பையன்கள் கையில் சிக்கின. சைக்கிள் கம்பியில் கிளிப் போட்டுச் செருகி, சக்கரம் சுற்றும்போது படபடவென்று சத்தம் வரவைத்தார்கள். சுவரில் எறிந்து விளையாடினார்கள். நாங்கள் தீப்பெட்டிப் படத்தை வைத்துச் செய்ததெல்லாம் அவர்களும் செய்திருக்கிறார்கள். மிச்சத்தை அம்மாக்கள் வீடு சுத்தம் செய்யும்போது வெளியே போட்டார்கள். அந்தப் பையன்களுக்கு நாற்பது வயசாகி, கையில் பணம் வந்த எண்பதுகளில்தான் விலை ஏற ஆரம்பித்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரப்பர் பேண்ட் கதை. 1952 வரிசையில் 1-ஆம் நம்பர் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர், அவ்வளவே. ஆனால் பையன்கள் அட்டைகளை நம்பர் வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார்கள். மேலே இருக்கிற அட்டைக்குத்தான் எல்லாச் சேதமும். ரப்பர் விளிம்பை அறுக்கும், வெயில் படும், மேஜைத் தூசி படும். அதனால் பாஃப்கோ அட்டை கெடாமல் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் தன் ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத விலைக்கு அவர் போவார்.

விலை போடுகிற முறையைச் சொல்கிறேன். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற தரம் போடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. அட்டையை அனுப்பினால் 1 முதல் 10 வரை மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பார்ப்பது நான்கு விஷயம்: படம் நடுவில் இருக்கிறதா, மூலை கூராக இருக்கிறதா, விளிம்பு சுத்தமா, மேல்பரப்பில் கீறல் கறை உண்டா. முதல் விஷயத்தில் அட்டையை வைத்திருந்த பையன் மேல் தப்பே கிடையாது. கட்டிங் மிஷினில் நின்றவர் மேல்தான். ஷீட் அடுக்கை ஒரு நூல் தள்ளி வைத்து பிளேடை இறக்கினால் ஒரு பக்கம் பார்டர் தடிக்கும், மறு பக்கம் மெலியும். அன்றைக்கு அவருக்கு டீ வேளை தவறியிருக்கும். எழுபது வருஷம் கழித்து அதற்கு லட்சக்கணக்கில் டாலர் குறைகிறது.

311-இல் பி.எஸ்.ஏ. 10 மார்க் வாங்கியவை உலகத்திலேயே மூன்றுதான். 2021 ஜனவரியில் 9 மார்க் அட்டை ஒன்று 52 லட்சம் டாலருக்குப் போனது. 1 கோடியே 26 லட்சத்துக்குப் போனதற்கு எஸ்.ஜி.சி. கொடுத்த மார்க் 9.5. அது பாஸ்டன் அருகே 1986 வாக்கில் ஒரு வீட்டிலிருந்து வெளிவந்த குவியலில் இருந்தது. ஆலன் ரோசன் என்ற வியாபாரி அங்கே போய், அப்போதுதான் பாக்கெட்டிலிருந்து எடுத்த மாதிரி ஆயிரக்கணக்கில் 1952 அட்டைகளைப் பார்த்தார். அவற்றில் இந்த மேண்டில் அட்டையை 1991-இல் 50 ஆயிரம் டாலருக்கு விற்றார். அப்போது அது அதிகம் என்று பேசிக்கொண்டார்களாம்.

மார்க்குக்கு இவ்வளவு பணம் என்றால் கத்தி வரத்தானே செய்யும். ஹோனஸ் வாக்னர் என்ற பழைய காலத்து பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டை ஒன்று, 1909-இல் சிகரெட் பாக்கெட்டில் வந்தது. அவர் ஒப்புக்கொள்ளாததால் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அதில் மிக அழகான பிரதியை 1991-இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. தரம் போட்ட முதல் அட்டையே அதுதான், மார்க் 8. 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. 2013-இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரத்தைத் தானே நறுக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மூலை ஏன் அத்தனை கூராக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பிரஸ்ஸில் பழைய கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார், விரல் நுனியால் விளிம்பைத் தடவி இது இன்றைக்கு வெட்டியது, இது போன மாசம் என்பார். அவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

யாராவது உங்களிடம் மேண்டில் அட்டை இருக்கிறது என்று நீட்டினால் முதலில் ஸ்கேலை எடுங்கள். 1952 அட்டை ஏறக்குறைய 67-க்கு 95 மில்லிமீட்டர். 1983-இல் டாப்ஸே மறுபதிப்பு போட்டது, அது அதைவிடச் சின்னது. பிறகு லென்ஸ். அசலில் கறுப்பு எழுத்து கெட்டியாக விழுந்திருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறும். விலைக்கு, விற்கிறவர் சொல்லும் தொகையை விடுங்கள். அதே மார்க் அட்டை சமீபத்தில் ஏலத்தில் எவ்வளவுக்கு முடிந்தது என்பதைப் பாருங்கள்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் வீட்டு கராஜில், பிள்ளைகள் வாங்கிய பேஸ்பால் அட்டைகள் பெட்டி பெட்டியாக இன்னும் கிடக்கும். அவற்றை நம்பி வீட்டுக் கடனைக் கணக்குப் போடாதீர்கள். எல்லாரும் பத்திரப்படுத்துவார்கள் என்று கம்பெனிகள் அடித்துத் தள்ளிய காலம் அது. எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். அதுதான் வினை.

ஒரு பிழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1969-இல் ஆட்டக்காரராக மேண்டிலுக்கு டாப்ஸ் போட்ட கடைசி அட்டை, 500-ஆம் நம்பர். அவர் பெயரில் 'மேண்டில்' என்பது மஞ்சளில் இருக்க வேண்டும். சில பிரதிகளில் மஞ்சள் விழாமல் வெள்ளையாக நிற்கிறது. எங்கள் பிரஸ்ஸில் அப்படி ஒரு ஷீட் வந்திருந்தால் மெஷின்மேனுக்குத் திட்டு, ஷீட் வேஸ்டில். அங்கே அந்த வெள்ளை, மஞ்சளைப் போல் பல மடங்கு விலை. நான் வேஸ்டில் போட்டதையெல்லாம் நினைத்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பும்போது நானும் ஒன்று வாங்கினேன். 1968, 280-ஆம் நம்பர் மேண்டில். சாக்குத்துணி மாதிரி பழுப்பு பார்டர். இரண்டு பக்க விளிம்பிலும் நடுவில் ஒரு சின்ன வெட்டு, ரப்பர் பேண்ட் போட்ட தடம். அதனால்தான் இந்தக் குறைந்த விலை என்றார் வியாபாரி. யாரோ ஒரு பையன் 280-ஐ எடுத்துக் கட்டின் மேலே வைத்திருக்கிறான், நம்பர் வரிசையைப் பார்க்காமல். தரம் போட அனுப்பலாமா என்று மகன் கேட்டான். கட்டணத்தைச் சொன்னான். வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக்கில் அடைத்துவிட்டால் அந்த வெட்டை விரலால் தடவிப் பார்க்க முடியாது.

நன்றி, வணக்கம்.